ரிவால்வர் விசையை லேசாக்கலாமா? உரிமம் வைத்திருப்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தேர்தல் தேதி அறிவித்தால் போதும், உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிடும். உடுமலைப்பேட்டை தோட்டக்காரர்களுக்கு இது பழகிய சங்கதி. மாதக்கணக்கில் சும்மா கிடந்த ரிவால்வரைத் திரும்ப வாங்கும்போது சிலருக்கு ஒரு யோசனை வரலாம்: "விசை ரொம்ப இறுக்கமா இருக்குதே, தெரிஞ்ச லேத் பட்டறையில குடுத்து லேசாக்கிடலாமா?"

சுருக்கமான பதில்: கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

விசை ஏன் இறுக்கமா இருக்கு?

'டபுள் ஆக்‌ஷன்' ரிவால்வரில் ஒரே இழுப்பில் மூணு வேலை நடக்கிறது. குண்டு உருளை சுழலும், சுத்தியல் பின்னால் போகும், பிறகு விடுபட்டு அடிக்கும். இதற்குப் பொதுவாக 4.5 முதல் 5.5 கிலோ வரை அழுத்தம் வேண்டும். சுத்தியலை முன்பே பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டால் சுமார் 2 கிலோ போதும். விரல் தவறுதலாகப் பட்டு வெடிக்காமல் தடுப்பது அந்த இறுக்கம்தான். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் சுத்தியலின் அடி வலுவிழந்து, அவசரத்தில் குண்டு வெடிக்காமலும் போகலாம்.

இறுக்கத்தால் கெடுதலே இல்லையா?

இருக்கு. கான்பூரில் தயாராகி 2014-ல் வந்த 'நிர்பீக்' ரிவால்வரின் எடை அரை கிலோதான். அதைப் பிடித்துக்கொண்டு பல கிலோ அழுத்தம் கொடுத்தால் கை ஆடத்தான் செய்யும். 2012-ல் நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம் அருகே போலீஸ் சுட்டதில் வழிப்போக்கர்கள் 9 பேர் காயமடைந்தனர். அந்நகரப் போலீஸ் துப்பாக்கிகளின் சுமார் 5.4 கிலோ விசை இழுப்பு அப்போது விமர்சனத்துக்கு உள்ளானது.

மனு பாக்கர் பாரிஸில் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் குறைந்தபட்சம் 500 கிராம் இருந்தால் போதும். ஆனால் அது நடுவர்கள் கண்முன் நடக்கும் போட்டி. வீட்டு அலமாரிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அதிகாலை ரிவால்வரை எடுத்து வைக்கும்போது, அது கைநழுவி வெடித்து இடது காலில் குண்டு பாய்ந்தது. அங்கே விசையை யாரும் மாற்றியதாகப் புகார் இல்லை. மாற்றாத துப்பாக்கிக்கே இந்தக் கதி என்றால், உள்பாகங்களைத் தேய்த்த துப்பாக்கியை யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ அதற்கென உரிமம் வேண்டும். இல்லாமல் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. நட்புக்காகச் செய்து கொடுத்த பட்டறைக்காரர்தான் முதலில் மாட்டுவார். உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்ததற்காக உங்கள் மீதும் வழக்கு வரும், உரிமமும் ரத்தாகலாம்.

அப்ப என்னதான் வழி?

விசை வழக்கத்தைவிட இறுகியிருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். அழுக்கும் காய்ந்த எண்ணெயும்கூட காரணமாக இருக்கலாம். துப்பாக்கி நல்லா இருந்தும் இழுக்கச் சிரமம் என்றால், ரைபிள் கிளப்பில் பயிற்சி எடுங்கள். விரல் பழகினால் போதும், விசையில் கை வைக்க வேண்டியதில்லை.