விறகா, எரிவாயுவா? கெடா அடுப்படிகளுக்குத் திரும்பி வந்த பழைய கேள்வி

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் நெருங்கும்போது குடும்பங்கள் ஒரு கணக்குப் போடும். வீட்டைச் சூடாக்க இந்த ஆண்டு புரோப்பேன் வாங்குவதா, விறகு வாங்குவதா என்பதே அந்தக் கணக்கு. வெயில் காயும் கெடாவில் வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் அதே கேள்வி சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் வட்டாரங்களில் அடுப்படி வழியாக நுழைந்திருக்கிறது.

கேள்வியைக் கிளப்பியது 2025 மே 1ஆம் தேதி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு தொடங்கிய 'ஓப்ஸ் காசாக்' நடவடிக்கை. உதவித் தொகை பெற்ற சமையல் எரிவாயு தவறான வழியில் போவதைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. 2021இல் திருத்தப்பட்ட விநியோகக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, ஒரே நேரத்தில் 42 கிலோவுக்கு மேல், அதாவது 14 கிலோ தோம்பு மூன்றுக்கு மேல் பயன்படுத்துவோர் அப்போது அனுமதி பெற வேண்டியிருந்தது. வியாபாரத்துக்கு வேறு விலையில் வேறு தோம்பு என்ற பேச்சு எழுந்ததும், ரொட்டி சானாய் கடைக்காரர் முதல் வீட்டிலிருந்தே முறுக்கு சுட்டு விற்கும் பெண்கள் வரை பலருக்கும் கலக்கம். எதிர்ப்பு வலுத்தது. குறு, சிறு உணவு வியாபாரிகள் உதவித் தொகை எரிவாயுவைப் பயன்படுத்தலாம் என்றும், விதிகள் திருத்தப்படும் என்றும் ஜூன் மாதத்தில் அமைச்சர் டத்தோ அர்மிசான் முகமட் அலி அறிவித்தார்.

அத்துடன் பரபரப்பு அடங்கியது. ஆனால் அந்தச் சில வாரங்களில் "பேசாமல் விறகுக்கே திரும்பி விடலாம்" என்ற குரல் பல இடங்களில் கேட்டது. அது எவ்வளவு தூரம் நடக்கக்கூடியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலில் விலை. உதவித் தொகை எரிவாயு கிலோ 1 ரிங்கிட் 90 சென். 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். தூரத்தைப் பொறுத்துக் கொண்டுவரும் கூலி சேர்வதுண்டு. வியாபாரத்துக்கான அதே எடைத் தோம்பு 70 ரிங்கிட் அளவில் விற்றது. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் குடும்பம் மாதம் ஒரு தோம்பு எரித்தால், சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றரை ரிங்கிட் போகிறது. விலை 70 ஆனால் நூற்றுக்கு நான்கு. மாதம் பத்துத் தோம்பு எரிக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு இரு விலைக்கும் உள்ள வேறுபாடு 434 ரிங்கிட். கடை வாடகையில் ஒரு பகுதி அது.

இனி விறகு. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் 15 அளவுதான். அந்த வெப்பம் முழுவதும் பானைக்குப் போவதும் இல்லை. எரிவாயு அடுப்பில் பாதி வெப்பம் பாத்திரத்தில் ஏறும். மூன்று கல் வைத்த திறந்த அடுப்பில் எட்டில் ஒரு பங்கு ஏறினாலே அதிகம், மீதி காற்றோடு போகும். இப்படிக் கணக்கிட்டால் ஒரு 14 கிலோ தோம்பு செய்யும் வேலையைச் செய்யச் சுமார் 180 கிலோ காய்ந்த விறகு வேண்டும். மாதம் ஒரு தோம்பு எரிக்கும் வீட்டுக்கு நாள் ஒன்றுக்கு 6 கிலோ. காசு கொடுத்து வாங்கினால், கிலோ 15 சென்னுக்குக் குறைவாகக் கிடைத்தால் மட்டுமே விறகு லாபம். தோம்பு 70 ரிங்கிட் ஆனால்கூட விறகின் எல்லை விலை 39 சென்தான். காற்று ஒழுங்காகப் போய்வரும்படி கட்டிய நல்ல அடுப்பில் விறகுச் செலவு பாதியாகக் குறையும். அப்படிப்பட்ட அடுப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது?

"தோட்டத்தில்தான் விறகு சும்மா கிடைக்குமே" என்பார்கள் பெரியவர்கள். ஒரு காலத்தில் அது உண்மை. ரப்பர் மரத்துக்கு 25, 30 ஆண்டுகளில் பால் குறையும், மறுநடவுக்காக மரங்கள் சாயும். சாய்ந்த மரம் லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட் காயும் புகைக் கொட்டகைக்கும் விறகானது. வெட்டு முடிந்து வீடு திரும்பும் பெண்களின் தலையில் விறகுக் கட்டும் இருக்கும். பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடிக்கும் மரம் என்பதால் அதற்கு வேறு மதிப்பு இருக்கவில்லை.

1980களில் நிலைமை மாறியது. மருந்தேற்றிக் காய வைத்தால் ரப்பர் மரம் நல்ல தளவாட மரம் என்று தெரிந்ததும் மேசையும் நாற்காலியுமாக அது கப்பலேறத் தொடங்கியது. இன்று சாயும் மரத்துக்கு ஆலைக்காரர் லாரியோடு காத்திருக்கிறார். இன்னொரு பக்கம் ரப்பர் போன இடத்தில் செம்பனை வந்தது. அதன் மட்டையும் தண்டும் நீர் நிறைந்தவை, அடுப்புக்கு உதவாதவை. ஓரளவு எரியும் கொட்டை ஓட்டை ஆலைகளே கொதிகலனுக்கு எடுத்துக்கொள்கின்றன. தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டுமனை ஆன இடங்களில் விறகு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுக்குமாடியின் நான்காவது மாடியில் விறகை எங்கே காய வைப்பது?

கிடைத்தாலும் புகை இருக்கிறது. வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றை எரிக்கும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பக்கவாதம், இருதய நோய், நுரையீரல் நோய் ஆகியவை அதில் அடக்கம். அந்தப் புகையை அதிகம் விழுங்குவது அடுப்பின் முன் நிற்கும் பெண்ணும் அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையும். வீட்டுச் செலவுக் கணக்கில் இந்தச் செலவு எழுதப்படுவதே இல்லை.

எரிவாயுவும் ஆபத்தில்லாதது அல்ல. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி பூச்சோங் அருகே புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் தீப்பிடித்தபோது பலரும் வீட்டுத் தோம்பை அச்சத்தோடு பார்த்தார்கள். அது குழாயில் போகும் இயற்கை எரிவாயு, காற்றைவிட இலேசானது. தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படர்ந்து தேங்கும். அதனால் வாடை வந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல், வால்வை மூடி, கதவைத் திறந்து வெளியேறுவதே சரி. வெடிப்பு விழுந்த ரப்பர் குழாயையும் பழைய ரெகுலேட்டரையும் மாற்றுவதற்குச் சில பத்து ரிங்கிட்தான் ஆகும்.

அண்டை நாடுகளின் அனுபவமும் பாடம் சொல்கிறது. இந்தியாவில் 2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழை வீடுகளுக்கு இணைப்பு போய்ச் சேர்ந்தது. ஆனால் காலியான சிலிண்டரை மறுபடி நிரப்பக் காசில்லாத வீடுகளில் விறகடுப்பு அணையவே இல்லை. இலங்கையில் 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய் ஆனது, அதுவும் வரிசையில் நின்றால்தான். கொழும்பு நகர வீடுகளே விறகு தேடின. இரண்டு நாடுகளிலும் தெரிந்தது ஒன்றுதான்: கைக்கு எட்டாத விலை மக்களை மறுபடி புகைக்குள் தள்ளும்.

கெடாவுக்கு இதிலிருந்து என்ன தெரிகிறது? எரிவாயு விலை ஏறினால் எல்லாரும் விறகுக்குத் திரும்பப் போவதில்லை. திரும்ப இங்கே விறகே இல்லை. வசதி உள்ளவர் கூடுதல் காசு கொடுப்பார் அல்லது மின்சார அடுப்புக்கு மாறுவார். வீட்டில் சமைத்து விற்கும் தனித்தாய் விலையை ஏற்ற வேண்டும், வாடிக்கையாளரை இழக்க வேண்டும். தோட்டத்து ஓரத்தில் தங்கிவிட்ட முதியவர் கிடைக்கும் சுள்ளியைப் பொறுக்கி எரிப்பார். சுமை மிகவும் பலவீனமான தோளில்தான் இறங்கும்.

உதவித் தொகை கசிவதை அரசாங்கம் தடுக்க வேண்டியது நியாயமே. மலிவான தோம்பை வாங்கி வியாபாரத் தோம்புக்கு மாற்றி விற்கும் கும்பல் திருடுவது மக்கள் பணத்தை. ஆனால் 'வீடு' என்றும் 'வியாபாரம்' என்றும் கோடு கிழித்தால் நம்மவர்களில் பலர் கோட்டின் மேலேயே நிற்பார்கள். காலையில் பிள்ளைக்குத் தோசை சுட்ட அதே அடுப்பில்தான் மதியம் விற்பனைக்கு வடை வேகிறது. அதனால் எல்லை, எரிக்கும் அளவை வைத்தே வகுக்கப்பட வேண்டும். சிறு வியாபாரிக்கான சலுகை வாய்மொழி அறிவிப்பாக நில்லாமல், அமலாக்க அதிகாரி கடைக்கு வரும்போது எடுத்துக் காட்டக்கூடிய எழுத்து விதியாக இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. வீட்டில் சமைத்து விற்பவர்கள் தொழிலைப் பதிவு செய்து, மாதம் எத்தனை தோம்பு வாங்குகிறோம் என்பதற்கு ரசீது வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை விதி மாறும்போது கையில் இருக்கும் அந்த ரசீதுதான் பேசும். கோயில் அன்னதானத்துக்கும் பொங்கலுக்கும் விறகடுப்பு திறந்த வெளியில் எரியட்டும், அது வழக்கம். அன்றாடச் சோற்றுக்குப் பெண்கள் மறுபடி புகையில் நிற்கும் நிலை வரக் கூடாது.