அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!

காலாப்பட்டு ஸ்டாப்பில் காலை நேரத்து பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். காதில் விழும் முதல் ஆங்கில வார்த்தை, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!" மூணு பேர் சீட்டில் நாலாவதாக உட்காருகிறவர் சொல்வது. நாமும் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுக்கிறோம். அதில் தப்பே இல்லை நண்பர்களே!

ஆனால் இந்த வார்த்தையின் பூர்வீகம் வேறு. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சிலிருந்து போனது. அங்கே 'அஜுஸ்தே' என்றால் சரியாகப் பொருத்துவது. 1954 வரை நம் புதுச்சேரியை ஆண்டவர்களின் மொழியில் ஃபிட்டருக்குப் பெயரே 'அஜுஸ்தேர்'தான்! ஆக, இது நம்ம ஒர்க்‌ஷாப் வார்த்தை. பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ணுகிறோம், டாப்பெட்டை அட்ஜஸ்ட் பண்ணுகிறோம். கோளாறு எங்கேயோ அங்கே கை வைக்கிறோம்.

மனுஷன் என்று வந்ததும் கூடவே ஒரு 'கோ' வந்து ஒட்டிக்கொள்கிறது. 'பண்ணு' என்றால் கோளாறைச் சரிசெய். 'பண்ணிக்கோ' என்றால் கோளாறு அப்படியே இருக்கட்டும், நீ வளைந்து கொடு! ஆங்கிலத்திலும் இரண்டு அர்த்தமும் உண்டுதான். நாமோ முதலாவதை மெஷினுக்கும், இரண்டாவதை மனுஷனுக்கும் பங்கு பிரித்துவிட்டோம். அஞ்சு பேருக்கு ஒரு வெர்னியரா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. ஹாஸ்டலில் தண்ணீர் வரலையா? அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.

என் அக்காவும் டிப்ளமோதான். நல்ல வேலையில் இருந்தாள். கல்யாணத்தன்று அம்மா சொன்னது, "போற வீட்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்கோ கண்ணு." ஆறே மாதத்தில் வேலையை விட்டாள். மாமா எதை அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

லேத்தில் ஃபோர் ஜா சக்கில் ஜாப் கட்டியிருப்பீர்கள். சென்டர் வர என்ன செய்கிறோம்? ஒரு ஜாவைத் தளர்த்தி, எதிர் ஜாவை இறுக்குகிறோம். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் சென்டரும் வராது, ஜாப்பும் நசுங்கிப்போகும். முதல் வருஷப் பையனுக்கே தெரிந்த இந்தப் பாடம் வீட்டிலும் ஆபீஸிலும் ஏன் மறந்துபோகிறது?

பஸ்ஸில் தாராளமாக நகர்வோம். மற்ற இடத்தில் யாராவது 'பண்ணிக்கோ' என்றால், "சரிங்க, நீங்க எந்தப் பக்கம் தளர்த்துறீங்க?" என்று மரியாதையாகவே கேட்போம். பொங்கலுக்கு மாமா வருகிறார். முதல் கேள்வி என்னுடையது!