ஒட்டுப்போர்வைக்குக் கரை கட்டுவோம்



துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து ஒட்டுப்போர்வையின் நடுப்பகுதியை உருவாக்கும் முறையைச் சென்ற இதழில் கூறியிருந்தேன். கட்டங்கள் யாவும் இணைந்ததும் வேலையே முடிந்துவிட்டது போன்ற மகிழ்ச்சி பலருக்கும் உண்டாகும். இனிக் கரைதானே, நான்கு பட்டைகளை வெட்டி நான்கு பக்கமும் ஓட்டிவிட்டால் போயிற்று என்று எண்ணத் தோன்றும். நானும் அவ்வாறு எண்ணியவள்தான். அதனால் நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் உம்மா வஃபாத்தான பிறகு, அவர்கள் உடுத்திய சேலைகளில் நல்லனவற்றைத் தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிட்டோம். நைந்துபோன வாயில் சேலைகள் ஐந்தாறு மிஞ்சின. அவற்றைப் பிறருக்குக் கொடுக்கவும் முடியாது; எறியவும் மனம் வரவில்லை. வலுவான பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து, எங்கள் மூத்த ராத்தாவுக்காக ஒரு போர்வை தைக்கத் தொடங்கினேன். கட்டங்கள் அழகாக அமைந்தன. கரைக்கென்று உம்மாவின் கரும்பச்சைச் சேலை ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். அதை நீளப் பட்டைகளாக வெட்டி, அளவு ஏதும் எடுக்காமல், நடுப்பகுதியின் ஓரத்தில் வைத்து மெஷினில் ஓட்டிக்கொண்டே போனேன். முனை வந்ததும் மிச்சத்தைக் கத்தரித்தேன். நான்கு பக்கமும் முடிந்தது. கட்டிலில் விரித்துப் பார்த்தால் நடுப்பகுதி படிந்து கிடக்கிறது. கரையோ குழந்தையின் கவுனுக்கு வைத்த சுருக்குப் போல மேலும் கீழும் எழும்பி நிற்கிறது.

"என்னம்மா, ஓரமெல்லாம் அலை அடிக்குதே?" என்று ராத்தா கேட்டார்கள். குறை சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தையலைப் பிரித்தேன். புதுத்துணியாக இருந்தால் பிரித்துத் தைப்பது பெரிய காரியமன்று. பழைய வாயில் துணி ஊசித் துளை வழியாகவே கிழியத் தொடங்கிவிடும். இரண்டு பட்டைகளின் முனைகள் அவ்வாறே கிழிந்தன. அந்தச் சேலையை இனி எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை தறியில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. அது எளிதில் நீளாது. குறுக்கே ஓடும் ஊடை இழை சற்று நெகிழும். மூலைவாட்டில் இழுத்தால் துணி மிகவும் நீளும். போர்வையின் நடுப்பகுதியோ பல துண்டுகள் சேர்ந்தது. அதன் ஓரங்களில் எந்தத் துண்டு எந்த வாட்டில் அமைந்திருக்கிறது என்பது நம் நினைவில் இராது. மேலும் தைக்கும்போதும் தூக்கும்போதும் இஸ்திரி போடும்போதும் நாம் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான். ஆகவே ஓரங்கள் நீண்டிருக்கும். நடுப்பகுதி தன் அளவில் இருக்கும். நீண்டுபோன ஓரத்தின் மேல் பட்டையை அப்படியே வைத்து ஓட்டினால், அந்தத் தவறான நீளமே நிலையாகிவிடுகிறது. பட்டையும் மெஷினில் தன் பங்குக்குச் சிறிது கூடக் குறைய நகரும்.

எனவே கரையின் நீளத்தை ஓரத்தில் அளக்கக் கூடாது. போர்வையின் நடுவில் அளக்க வேண்டும். இம்மாதப் பக்கத்தில் இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் எனக்கு மனநிறைவே.

கணக்கைப் பார்ப்போம். 8 அங்குலக் கட்டங்களை அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8 என்று இணைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். தைத்து முடிந்த அளவு 48 அங்குலம் அகலம், 64 அங்குலம் நீளம். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டிருப்பதால் இப்போது கையில் உள்ளது 48½க்கு 64½. இதைத் தரையில் சுருக்கமின்றி விரித்து, மேலிருந்து கீழாக நட்டநடுவில் இஞ்சு டேப்பை வைத்து அளவெடுங்கள். இருபுறமும் சற்றுத் தள்ளி இன்னும் இரண்டு இடங்களில் அளவெடுங்கள். மூன்றும் சிறிது மாறுபட்டால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து வரும் அளவே உங்கள் அளவு. அந்த நீளத்துக்கு, 6 அங்குலக் கரை வேண்டுமானால் 6½ அங்குல அகலத்தில், இரண்டு பட்டைகளை வெட்டுங்கள். இரண்டும் ஒரே நீளமாக இருப்பது கட்டாயம்.

பட்டையை இரண்டாக மடித்து, பின் நான்காக மடித்து, மடிப்புகளில் குண்டூசியால் குறியிடுங்கள். போர்வையின் ஓரத்தையும் அவ்வாறே நான்காகப் பகுத்துக் குறியிடுங்கள். குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திய பின்பே மெஷினுக்குப் போக வேண்டும். ஓரம் சற்று நீளமாக இருந்து தொய்ந்தால், தொய்வான துணி அடியில் இருக்குமாறு வைத்துத் தையுங்கள். மெஷினின் பற்கள் அடித்துணியைச் சிறிது கூடுதலாக இழுப்பதால் தொய்வு தானே பரவி அடங்கும். அரை அங்குலம் வரையிலான வேறுபாடு இப்படி மறைந்துவிடும். அதற்கும் மேல் என்றால் கட்டங்களை இணைத்த தையலில் எங்கோ பிழை இருக்கிறது. அதைத் திருத்திய பிறகே கரைக்கு வர வேண்டும்.

பக்கவாட்டுப் பட்டைகள் இரண்டும் முடிந்த பின், அவற்றையும் சேர்த்து அகலத்தை மறுபடி நடுவில் அளந்தால் 60½ அங்குலம் வரும். மேலுக்கும் கீழுக்கும் அந்த நீளத்தில் இரண்டு பட்டைகள். போர்வை 60க்கு 76 அங்குலமாக முடியும். ஒருவர் தாராளமாகப் போர்த்திக்கொள்ளலாம். கரைப்பட்டைகளை எப்போதும் பாவு வாட்டிலேயே, அதாவது துணியின் நீளவாக்கில் வெட்டுங்கள். 44 அங்குல அகலமுள்ள துணியில் 6½ அங்குலப் பட்டைகள் நான்குக்கு 26 அங்குலம் போதும். ஆகவே 2 மீட்டர் துணி வாங்கினால் ஒட்டுப்போடாமல் நான்கும் கிடைத்துவிடும். மிச்சம் விளிம்புக்கு ஆகும். வெட்டுவதற்கு முன் துணியை ஓரிரவு நனைத்துக் காயவைக்க மறவாதீர்கள். சிவப்பும் கருநீலமுமாக இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏறினால் அந்தத் துணி போர்வைக்கு வேண்டாம்.

இனிக் கரையின் அழகைப் பற்றி.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் அவர்களிடையே உண்டு. அவர்களின் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கையாலேயே தைக்கும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். நாம் நடுவில் தொடங்கிக் கரையில் முடிக்கிறோம். அவர்களோ விரித்த சேலையின் ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டித் துண்டுகளை வைத்து, ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி உள்நோக்கிச் செல்கின்றனர். கரைதான் முதலில் பிறக்கிறது. நடுப்பகுதி கடைசியில் நிறைகிறது. இம்முறையில் கரை அலையடிப்பதற்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூப்போல வைப்பார்கள். அந்தப் பூ இல்லாத போர்வை முடிந்ததாகவே கருதப்படாது.

வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் நக்ஷி காந்தாவில் கரைக்கு என்றே ஒரு தனிக் கலை வளர்ந்திருக்கிறது. பழஞ்சேலையின் கரையிலிருந்து வண்ண நூலை உருவியெடுத்து அதைக் கொண்டே பூவேலை செய்வது அவர்களின் பழைய வழக்கம். நெற்கதிர், தேள், கண், மாலை, ஏணி, தாவீஸ் என்று ஒவ்வொரு கரைக்கும் ஒரு பெயர் உண்டு. வளைந்து வளைந்து செல்லும் கரைக்குப் 'பேக்கி' என்று பெயர். அவர்கள் கரையைப் 'பார்' என்கிறார்கள். ஆற்றங்கரைக்கும் அதே சொல்தான். நம் தமிழிலும் அப்படித்தானே!

இந்த வளைவுக் கரையை நாமும் போடலாம். பலர் ஒரு மூலையில் தொடங்கி வரைந்துகொண்டே போவார்கள். மறுமூலைக்கு வரும்போது அரை வளைவு மிஞ்சி நிற்கும். மூலையை முதலில் தீர்மானியுங்கள். கரையின் உள்ளளவுக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டிச் சமமாக மடியுங்கள். மேலே சொன்ன 48, 64 அளவுகளுக்கு 8 அங்குல மடிப்பு வைத்தால் ஒரு பக்கம் 6, மறுபக்கம் 8 வளைவுகள் மிச்சமின்றி அமையும். ஒரு மடிப்பில் மட்டும் வளைவை வரைந்து மற்றவற்றில் நகலெடுத்துக்கொள்ளலாம். மூலையில் அது எவ்வாறு திரும்பும் என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. சட்டமில்லாத சிறு கண்ணாடியை வரைந்த காகிதத்தின் மேல் மூலைவாட்டில் நிறுத்துங்கள். திரும்பிய மூலை கண்ணாடியில் தெரியும். கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தினால் பத்து விதமான மூலைகள் கிடைக்கும். என் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பொழுதுபோகும் விளையாட்டாகவே ஆகிவிட்டது.

சிறு சதுரங்களையோ முக்கோணங்களையோ இணைத்துக் கரை அமைப்பதானாலும் இதே கணக்குத்தான். நீளத்தையும் அகலத்தையும் மீதமின்றி வகுக்கும் எண் வேண்டும். உங்கள் நடுப்பகுதி 47க்கு 63 என்று இசைகேடாக முடிந்துவிட்டதா? கவலை வேண்டாம். சுற்றிலும் அரை அங்குலத்தில் ஒரு மெல்லிய பட்டையை முதலில் வையுங்கள். 48க்கு 64 ஆகிவிடும். 4 அங்குலச் சதுரங்கள் 12ம் 16மாகப் பொருந்தும். பார்ப்பவர்களுக்கு அந்த மெல்லிய பட்டை கண்ணுக்கு மையிட்டது போலத் தோன்றுமே தவிர, கணக்கைச் சரிக்கட்ட வைத்தது என்று தெரியாது.

கரையின் நிறத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிடாதீர்கள். நடுப்பகுதி முடிந்ததும் அதைக் கட்டிலில் விரித்து, இரண்டு மூன்று துணிகளை ஓரத்தில் வைத்து, அறை வாசலில் நின்று பாருங்கள். நடுவில் இல்லாத புதிய நிறம் ஒன்றைக் கரையில் புகுத்துவது எனக்கு உடன்பாடன்று. அது இரவல் வாங்கியது போலவே தெரியும். அகலமும் கட்டத்தின் அளவை மீறாமல் இருப்பது நலம். போர்வை சிறிதாகிவிட்டதே என்று ஒரே கரையை ஓர் அடி அகலத்தில் வைப்பதைவிட, இரண்டு கரைகளாகப் பிரித்து வைக்கலாம்.

சேலையின் கரையையே போர்வைக்குக் கரையாக்க விரும்புவோர் உண்டு. சுங்குடிச் சேலைகளும் செட்டிநாட்டுப் பருத்திச் சேலைகளும் இதற்கு மிகவும் ஏற்றவை. சேலைக் கரை பாவு வாட்டிலேயே ஓடுவதால் நீளாது. ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில் இருபுறமும் சேர்ந்து 11 மீட்டர் கரை கிடைக்கும். நம் அளவுக்கு ஏழரை மீட்டர் இருந்தால் போதுமானது. ஆனால் பட்டையோடு பட்டையை முட்டவைத்துத் தைத்தால் மூலையில் கரையின் கோடு அறுந்து நிற்கும். புகைப்படச் சட்டத்தின் மூலையைப் போலச் சாய்வாக இணைக்க வேண்டும். அதற்குப் பட்டையின் நீளம், நடுப்பகுதியின் பக்கத்தோடு கரையின் அகலம் இருமடங்கும் நான்கு அங்குலமும் கூடுதலாக இருக்க வேண்டும். தைக்கும்போது இரு முனைகளிலும் கால் அங்குலத்துக்கு முன்பே தையலை நிறுத்திவிடுங்கள். பின்பு போர்வையை மூலைவாட்டில் மடித்து, இரு பட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, தையல் நின்ற புள்ளியிலிருந்து வெளிமூலைக்கு 45 பாகையில் கோடு போட்டுத் தையுங்கள். பிரித்துப் பார்த்து, கோடுகள் சேர்ந்திருக்கின்றன என்று உறுதியான பின்பே மிச்சத்தை வெட்டுங்கள். வெட்டிய பிறகு பார்ப்பதில் பயன் இல்லை.

என் ராத்தாவின் போர்வையைப் பாதியில் விட்டுவிட்டேன் அல்லவா! கிழிந்த முனைகளை வெட்டியெறிந்ததும் மேலும் கீழும் வைக்க வேண்டிய பட்டைகள் 60½ அங்குலத்துக்குப் போதவில்லை. 48½ அங்குலத்துக்கு மட்டுமே தேறின. ஆகவே நான்கு மூலைகளிலும் 6½ அங்குலச் சதுரம் ஒவ்வொன்று வைத்துக் குறையை ஈடுகட்டினேன். உம்மா வீட்டில் அன்றாடம் உடுத்திய ஊதாப்பூச் சேலையில் அந்த அளவுக்கு நான்கு துண்டுகளே மிஞ்சியிருந்தன. இப்போது வருகிறவர்கள் எல்லாம் முதலில் பார்ப்பது அந்த மூலைகளைத்தான். கீழ்ப்பக்கத்தில் ஓரிடம் இன்னமும் இலேசாக எழும்பி நிற்கிறது. ராத்தா அந்தப் பக்கத்தைக் கால்மாட்டில் போட்டுக்கொள்கிறார்கள்.

கரை முடிந்தபின் பஞ்சு வைத்து, அடித்துணி சேர்த்து, விளிம்பு மடித்துத் தைக்கும் முறையை இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் காண்போம்.