நான் இல்லாத நேரத்தில் என் கணினியில் உனக்கென்ன வேலை?

கணினி பழுது பார்க்கும் கடைக்காரரிடம், "தொலைவிலிருந்தே என் கணினிக்குள் வந்து சரி செய்கிறீர்களே, அதற்கு எந்த மென்பொருளை வைத்திருக்கிறீர்கள், ஏன் அதை?" என்று கேட்டுப் பாருங்கள். நான் நான்கைந்து பேரிடம் கேட்டுவிட்டேன். பதில் ஒரே மாதிரிதான். இது இலவசம் சார். இது வேகம் சார். எல்லா கஸ்டமரையும் ஒரே லிஸ்ட்டில் வைக்கலாம் சார். கடைசியாக ஒரு பெருமை: "நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம் சார். நிரந்தரமா ஒரு பாஸ்வேர்டு வெச்சிடுவோம். நீங்க தூங்கிட்டு இருந்தாலும் நாங்க சரி பண்ணிடுவோம்."

இந்த நான்கு காரணங்களில் ஒன்றுகூடக் கணினிக்குச் சொந்தக்காரனைப் பற்றியது இல்லை. எல்லாம் கடைக்காரரின் சௌகரியம். அதிலும் அந்த நான்காவதை நமக்குச் செய்யும் உபகாரம் போலச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்குகிறது. நான் தூங்கும்போது என் வீட்டுக்குள் வந்து குழாயைச் சரி செய்கிறேன் என்று ஒரு பிளம்பர் சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவோமா?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வசதி வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். நம்மூரில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் பாரிசிலும் ரெயூனியோனிலும் இருக்கிறார்கள்! அப்பாவின் பிரெஞ்சு பென்ஷனுக்கு வருடா வருடம் உயிர்வாழ்வுச் சான்று அனுப்ப வேண்டும். அந்தத் தாளைப் பதிவேற்றத் தெரியாமல் அப்பா இங்கே திணறும்போது, மகன் அங்கிருந்தே திரையைப் பார்த்து முடித்துக் கொடுக்கிறான். இந்தியப் பென்ஷன்காரர்களுக்கும் ஜீவன் பிரமான் வந்து (2014 நவம்பரில் தொடங்கினார்கள்) பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. முழங்கால் வலியோடு மாடிப்படி இறங்கி, ஆட்டோ பிடித்து, கணினியைச் சுமந்துகொண்டு கடைக்குப் போகிற காலம் போனது நல்லதுதான்.

வங்கிக்காரர்கள் இன்னொரு பக்கம். "எந்த ரிமோட் மென்பொருளையும் போடாதீர்கள்" என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு அவர்கள் கடமையை முடித்துக்கொள்கிறார்கள். பயத்துக்குக் காரணம் உண்டு. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் என்ற செயலியைப் பெயர் சொல்லி எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைப்பான். செயலியைக் கைப்பேசியில் இறக்கச் சொல்வான். திரையில் வரும் எண்ணை வாசிக்கச் சொல்வான். வாசித்து, கேட்ட அனுமதியையும் கொடுத்துவிட்டால் நம் திரை அவன் கண்ணுக்குத் தெரியும். வருகிற ஓடிபியும் தெரியும். இதெல்லாம் உண்மை. ஆனால் "போடாதே" என்பது கணினி பழுதான கிழவனுக்குப் பதில் ஆகுமா? எதைப் போடலாம், எப்படிப் போடலாம் என்று சொல்ல வங்கியில் யாருக்கும் நேரமில்லை. ஆகவே அந்த முடிவைக் கடைப் பையன் எடுக்கிறான்.

என் உத்தியோக நாட்களிலிருந்து ஒன்றைச் சொன்னால்தான் என் கட்சி புரியும். நான் பிரெஞ்சில் படித்தவன். பதிவுத்துறையில் குமாஸ்தாவாக இருந்தேன். பழைய பிரெஞ்சுப் பத்திரங்கள் வந்தால், "அந்தப் பெரியவர்கிட்ட கொடு" என்று என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது எனக்கு வயது முப்பதுகூட இல்லை! அந்தக் கட்டுகளில் நொத்தேர் எழுதிய ப்ரொக்குராசியோன்கள், அதாவது அதிகாரப் பத்திரங்கள், எத்தனையோ வாசித்திருக்கிறேன். நெப்போலியன் காலத்தில் 1804-ல் வந்து, 1819-ல் நம்மூருக்கும் அமலான கோத் சிவிலில் இதற்கென்று ஒரு பகுதியே உண்டு. 1987-ஆம் பிரிவு அதிகாரத்தை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று, குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும். மற்றது, எல்லாக் காரியத்துக்கும். அடுத்த பிரிவு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பொதுவான வார்த்தைகளில் எழுதிய அதிகாரம் நிர்வாக வேலைகளுக்கு மட்டுமே செல்லும். விற்கவோ அடமானம் வைக்கவோ வேண்டுமானால் அதைத் தனியாக எழுதியிருக்க வேண்டும். கொடுத்தவன் நினைத்த நேரத்தில் திரும்பப் பெறலாம் என்பது 2004-ஆம் பிரிவு. சைகோனிலோ பாரிசிலோ உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள தம்பிக்கு அதிகாரம் கொடுத்தவர்கள்கூட, "இன்ன வீடு, இன்ன விற்பனை" என்று அளந்துதான் கொடுத்தார்கள்.

நிரந்தரப் பாஸ்வேர்டு என்பது என்ன? எல்லாக் காரியத்துக்குமான ப்ரொக்குராசியோன். அதற்கும் மேலே ஒரு படி, ஏனென்றால் விற்கக்கூடாது என்ற கட்டுப்பாடுகூட அதில் இல்லை. தேதி இல்லை, சாட்சி இல்லை, கொடுத்தவன் கையில் நகலும் இல்லை. "ஓகே" என்ற ஒரு பொத்தானை அமுக்கிக் கொடுத்துவிடுகிறோம். பல வீடுகளில் அதைக்கூடக் கடைப் பையனே அமுக்கிவிடுகிறான்.

என் நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கல்வித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தால், எதிரே திறந்திருந்த கணினியில் மவுஸ் அம்பு தானாக நகர்கிறது. ஒரு கோப்புறை திறக்கிறது, மூடுகிறது. பயந்துபோய் மின்சாரத்தையே நிறுத்திவிட்டார். விசாரித்ததில், பழைய கடையில் வேலை பார்த்து விலகிய ஒரு பையனிடம் அந்தப் பாஸ்வேர்டு இன்னும் இருந்திருக்கிறது. நண்பர் அந்தக் கடையை விட்டே இரண்டு வருடம் ஆகியிருந்தது. "சும்மா வேலை செய்யுதான்னு பார்த்தேன் சார்" என்றானாம். கடைக்காரர், "காசு ஒண்ணும் போகலையே சார், விடுங்க" என்றாராம். அந்தக் கணினியில் நண்பரின் மனைவியுடைய கடைசி மாத வைத்திய அறிக்கைகள் இருந்தன. காசு போகவில்லை, சரி. அந்த அம்மாளின் ஸ்கேன் படத்தை யார் பார்த்தார்கள், பார்க்கவில்லை என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்க என்னிடம் மூன்றே கேள்விகள். கதவைத் திறப்பது யார்? உள்ளே நடப்பதை நான் பார்க்க முடியுமா? நினைத்த நொடியில் நான் வெளியே தள்ள முடியுமா? விலையும் வேகமும் அதற்குப் பிறகு.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், விண்டோஸோடு வருகிற குவிக் அசிஸ்ட் என்ற எளிய சாமான்தான் நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு முதலில் நிற்கிறது. தனிக் காசு இல்லை. கண்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அமுக்கினால் திறக்கும். உதவுகிறவர் ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் சில நிமிடங்களில் செல்லாமல் போய்விடும். நாம் அதைத் தட்டி, அனுமதி கொடுத்தால் அவருக்குத் திரை தெரியும். மவுஸைத் தொட வேண்டுமென்றால் அவர் மறுபடி கேட்க வேண்டும், நாம் மறுபடி அனுமதிக்க வேண்டும். முக்கியமான விஷயம், ஆள் இல்லாதபோது நுழைய அதில் வழியே கிடையாது. இதைத்தான் கடைக்காரர்கள் குறை என்கிறார்கள். எனக்கு அதுதான் நிறை.

கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் இரண்டு கதவுகள். ஒன்று உதவிக்கானது: நம் திரையில் 12 இலக்க எண் ஒன்று வரும், ஒரு முறைக்குத்தான் செல்லும். அரை மணிக்கு ஒரு தரம், "இன்னும் தொடரட்டுமா?" என்று நம்மைக் கேட்கும். என்ன மரியாதை பாருங்கள்! மற்றது பின் எண் வைத்து எப்போது வேண்டுமானாலும் நுழைவது. முதல் கதவை மட்டும் பயன்படுத்துங்கள். மகன் ஆப்பிள் கணினி வைத்திருந்தால் குவிக் அசிஸ்ட் ஒத்து வராமல் போகலாம். அப்போது இது கைகொடுக்கும்.

டீம்வியூவர், எனிடெஸ்க் இரண்டும் ஜெர்மன் நிறுவனங்களுடையவை, கெட்டிக்காரச் சாமான்கள். அவற்றிலும் ஒவ்வொரு முறையும் கேட்டு நுழையும் வழி உண்டு, நிரந்தரப் பாஸ்வேர்டும் உண்டு. எதை வைப்பது என்பது பொருத்துகிறவன் கையில் இருக்கிறது. இரண்டிலும் நம் திரையைக் கறுப்பாக்கிவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து வேலை செய்யும் வசதிகூட இருக்கிறது. அலுவலகத்துக்கு அது தேவைப்படலாம். எனக்கு உதவ வந்தவனுக்கு எதற்கு? இன்னொன்று. இவற்றின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் காசு கட்ட வேண்டும். கட்டாமல் ஓட்டுகிற கடைகள் இருக்கின்றன. நடுவில் இணைப்பு அறுந்துபோவதற்கு அவர்கள் நம் இன்டர்நெட்டைக் குறை சொல்வார்கள். லைசென்ஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாதவரிடம் என் பாஸ்வேர்டைக் கொடுத்து வைப்பதா?

விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஹோம் பதிப்பு உள்ள கணினிக்குள் அதன் வழியாக நுழைய முடியாது. முடிகிற கணினியிலும், அவர் உள்ளே வந்ததும் நம் எதிரே உள்ள திரை பூட்டிக்கொள்ளும். அவர் என்ன செய்கிறார் என்று நமக்குத் தெரியாது. என் இரண்டாவது கேள்வியிலேயே தோற்றுவிட்டது. ரஸ்ட்டெஸ்க் என்று ஒன்று இருக்கிறது. நிரல் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருக்கிறது, கடைக்காரர் தம் சொந்த சர்வரிலேயே நடத்தலாம். அக்கறையுள்ள கடைக்கு நல்லது. ஆனால் அதிலும் நிரந்தரப் பாஸ்வேர்டு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

"பெரிய கம்பெனி சார், எல்லாம் பத்திரமா இருக்கும்" என்பார்கள். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களுக்குள் யாரோ புகுந்துவிட்டதாக அறிவித்தது. அதே வருடம் ஜூனில் டீம்வியூவர் நிறுவனத்தின் அலுவலக வலையிலும் புகுந்தார்கள். வாடிக்கையாளர் பக்கம் பாதிக்கப்படவில்லை என்றது அது. நான் நிறுவனங்களைத் திட்டவில்லை. கோட்டைக்கே கன்னம் வைக்கிறவர்கள் இருக்கும்போது, தெருமுனைக் கடையின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்த இருநூறு பாஸ்வேர்டு எவ்வளவு பத்திரம் என்று யோசிக்கச் சொல்கிறேன். என் கணினியில் நிரந்தரமாக ஒன்றும் இல்லையென்றால், அந்த நோட்டு யார் கையில் போனால் எனக்கென்ன?

கடைக்காரர்கள் தரப்பிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆஸ்பத்திரி சர்வருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால், அனுமதி கொடுக்க அங்கே ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார். அதற்கு நிரந்தர வழி வேண்டியதுதான். அங்கே ஒப்பந்தம் இருக்கும், யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு இருக்கும், கேள்வி கேட்க அதிகாரி இருப்பார். என் வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால் காலை பத்து மணிக்குச் சரி செய்தால் போதாதா?

"வயசானவங்களுக்கு அந்த நம்பரைத் தட்டத் தெரியாது சார்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். முப்பது வருடம் கோப்பு எண்ணும் சர்வே எண்ணும் பட்டா எண்ணும் பிழையில்லாமல் எழுதியவர்களய்யா நாங்கள். அந்த எண்ணைத் தட்டத் தெரியாதா?

குவிக் அசிஸ்ட்டையும் திருடர்கள் பயன்படுத்துகிறார்களே என்று கேட்பீர்கள். பயன்படுத்துகிறார்கள். மைக்ரோசாஃப்ட்டே 2024-ல் அதைச் சொல்லி எச்சரித்தது. அதற்கு எந்த மென்பொருளிலும் மருந்தில்லை, வழக்கத்தில்தான் உண்டு. அழைப்பது எப்போதும் நாமாக இருக்க வேண்டும். டைரியில் நம் கையால் எழுதி வைத்த எண்ணுக்கு நாம் அழைப்போம். அந்தப் பக்கத்திலிருந்து தானாக வருகிற உதவி, மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்தாலும் வங்கி பெயரில் வந்தாலும், போனை வைத்துவிடுங்கள். காசு போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். கணினியின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் படங்களைப் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பட்டியலைத் திறந்து, மேலே சொன்ன பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் யார் போட்டது, எப்போது, நிரந்தரப் பாஸ்வேர்டு உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதிலில் இழுப்பு இருந்தால், அவரையே வரவழைத்து உங்கள் எதிரில் நீக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கைப்பேசிக்கு மட்டும் நான் வங்கிக்காரர் கட்சி. ஓடிபியும் யுபிஐயும் அதே திரைக்கு வருவதால், யார் சொன்னாலும் அதில் இந்த வகைச் செயலி எதுவும் வேண்டாம். ரிப்பேர் என்றால் கடைக்கு நேரில் எடுத்துப் போங்கள். சட்டைப்பையில் போகிற சாமான்தானே.