அதிகாரமும் இறுமாப்பும்

கல்வியாலும் செல்வத்தாலும் வரும் செருக்கினும் பதவியால் வரும் செருக்கே பெருங்கேடு விளைப்பது. கற்றோன் செருக்கினால் அவன் புலமை குன்றும். செல்வன் செருக்கினால் அவன் சுற்றம் விலகும். ஆளுவோன் செருக்கினாலோ அவனை ஒருநாளும் நேரிற் காணாத ஏழையின் அடுப்பு அவியும். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று திணைக்களங்களிலும் வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் பொதுச் சபைகளிலும் தலைமை தாங்குகின்றனர். அவர்கள் கையிற் சேரும் இம்மலரில் இப்பொருள் குறித்துச் சில கூறுதல் பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

பிரித்தானியாவின் வெளிநாட்டமைச்சராக 1977 முதல் 1979 வரை விளங்கிய டேவிட் ஓவன் ஒரு மருத்துவருமாவார். அவரும் ஜொனாதன் டேவிட்சன் என்னும் உளமருத்துவரும் 2009 இல் மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையில், ஆட்சிச் செருக்கினை ஒரு நோயாகவே வைத்து ஆராய்ந்தனர். தன்மேல் அளவிறந்த நம்பிக்கை, பிறர் அறிவுரையை இகழ்தல், நாடும் தானும் ஒன்றெனக் கருதுதல், உண்மை நிலையோடு தொடர்பற்றுப் போதல் ஆகியன அவர்கள் காட்டிய குறிகளுட் சில. இந்நோய் பதவியோடு வருவது. பதவி நீங்கிற் பெரும்பாலும் தணிவது என்பது அவர்கள் கருத்து. அஃது உண்மையாயின், மருந்தையும் பதவியின் அமைப்பிலேயே தேடுதல் வேண்டும்.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பரில் ஏறத்தாழ 69 இலட்சம் வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். 2020 ஆகஸ்டில் அவர் கட்சி 225 ஆசனங்களுள் 145 ஐ வென்றது. அடுத்த மாதமே, மலைநாட்டுக் கிராமமொன்றில் மக்களிடையே நின்று, தம் வாய்மொழியையே சுற்றறிக்கையாகக் கொள்ளுமாறு அவர் அதிகாரிகளைப் பணித்தார். அக்டோபர் 22 ஆம் நாள், ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறிற்று.

அவ்வேளையிற் கொரோனா நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், அவர்தம் சமயத்துக்கு மாறாக எரிக்கப்பட்டு வந்தன. அடக்கஞ் செய்தலுக்குத் தடையில்லையென உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. பிறந்து இருபது நாளே ஆன சிசுவின் உடலும் 2020 டிசம்பரில் எரியூட்டப்பட்டது. சாய்ந்தமருது முதல் அக்கரைப்பற்று வரை ஊரெல்லாம் கண்ணீர் வடித்த காலம் அது. எனினும், அம்பாறை மாவட்ட மக்களின் வாக்குப் பெற்று எதிரணியிற் சென்ற முஸ்லிம் உறுப்பினர் சிலரும் அத்திருத்தத்திற்குக் கையுயர்த்தினர். தலைவனின் செருக்கு அவன் நெஞ்சில் மட்டும் வளர்வதன்று. சுற்றியிருப்போர் உயர்த்தும் கைகளாலும் வளர்வது என்பதை இது தெற்றென விளக்கும்.

நிற்க. பத்தாண்டுகளிற் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறுவதென்று தேர்தலில் வாக்களித்தவர், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதியை ஒரே வர்த்தமானி அறிவித்தலால் நிறுத்தினார். வேளாண் அறிஞர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. உணவுத் தட்டுப்பாடு நேரக்கூடுமென அவ்வாண்டு டிசம்பரில் வெளிப்படக் கூறிய விவசாய அமைச்சின் செயலாளர் உடனே பதவி நீக்கப்பட்டார். தடையை நவம்பரிலேயே தளர்த்தியும் காலம் கடந்துவிட்டது. அப்பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது.

கல்லோயா நீர் பாயும் நம் வட்டைகளில் வாய்க்காலைத் திறப்பதற்கும் ஒரு முறையுண்டு. போகந்தோறும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் கூடும். அதிகாரிகளும் கமக்காரரும் வட்டவிதானைமாரும் ஒருங்கிருந்து, எந்நாளில் நீர் திறப்பது, எந்நாளில் விதைப்பது, எந்நாளில் மாடுகளை அப்புறப்படுத்துவது என்று பேசி முடிவு செய்வர். ஒரு குளத்து நீருக்கு இத்தனை பேரின் சொல் வேண்டியிருக்க, நாடு முழுவதின் சோற்றுக்கு ஒருவர் சொல்லே போதுமென்றிருந்ததன்றோ பிழை!

முடிவு யாவரும் அறிந்ததே. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. ஜூலை 9 இல் மக்கள் ஜனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். 13 இல் அவர் மாலைதீவுக்கு ஓடினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் வந்தது. பொருளாதாரச் சீர்குலைவால் மக்கள் நம்பிக்கையை மீறினர் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தோருள் அவரும் ஒருவர்.

வணிகத்துறையும் இதற்கு விலக்கன்று. ஐதராபாத்தின் சத்யம் நிறுவனம் நன்னிர்வாகத்திற்கென 2008 இல் விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் அதன் தலைவர் இராமலிங்க ராஜு தம் குடும்பத்தாரின் நிறுவனங்களையே சத்யத்தின் பணத்தால் வாங்க முனைந்தபோது, புகழ்பெற்ற அறிஞர் இருந்த பணிப்பாளர் சபை ஒருமனதாக ஒப்புக்கொண்டது. பங்குதாரர் கொதித்தெழவே அம்முயற்சி சில மணி நேரத்திற் கைவிடப்பட்டது. மூன்று வாரங்களின் பின் 2009 ஜனவரி 7 இல், கணக்கேடுகளில் ஏழாயிரம் கோடி இந்திய ரூபாவுக்கு மேற் பொய்யென அவரே எழுதிக் கொடுத்தார். அங்கும் உயர்ந்த கைகளே இருந்தன, மறுத்த கையில்லை.

வள்ளுவர் அரசனுக்கு இடித்துரைக்கும் துணையை விதித்தது இதனாலேயாம். நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். இக்கீழ்க்கரையின் பழைய ஏற்பாட்டிற் கோயிலுக்குக் குடிவழி வண்ணக்கர்மாரும், பள்ளிவாசலுக்குக் குடிவழி மரைக்காயர்மாரும் இருந்தனர். ஒரு குடியின் கையிலேயே முழுப்பொறுப்பும் சேராதவாறு மற்றைக் குடிகள் பார்த்திருந்தன. அதிற் குடிப்பெருமையும் வழக்கும் பிணக்கும் இருந்தன என்பதை மறுக்கோம். ஆயினும் கணக்குக் கேட்பார் இல்லாத தலைவர் இருந்திலர்.

ஆதலின், தலைமை தாங்கும் நண்பர்கள் மூன்றினைக் கைக்கொள்வாராக. ஒரு பதவியில் இத்தனை ஆண்டுக்கு மேல் இருப்பதில்லை என்று முதலிலேயே வரையறுத்தல் ஒன்று. குழுவிற் சேராதவர் ஒருவரைக் கொண்டு கணக்கை ஆராய்ந்து பொதுக்கூட்டத்தில் வாசித்தல் இரண்டு. மாறுபட்ட கருத்தைக் கூறியவர் பெயரோடு கூட்ட அறிக்கையிற் பதிந்து, அதற்காக அவரை ஒதுக்காதிருத்தல் மூன்று. கோயிற் சபைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும், நம் பழைய மாணவர் சங்கத்துக்குமே இவை பொருந்தும். மூன்றாவதே செய்தற்கரியது, அதனையே முதலிற் செய்யத் தொடங்குக என்பது நம் வேண்டுகோள்.