விசையைத் தொடாமலே வெடித்தால்

காரில் பிரேக் கோளாறு என்று தெரிந்தால் கம்பெனியே தகவல் அனுப்பி வண்டியைத் திரும்ப அழைக்கிறது. தயங்கினால் அழைக்கச் சொல்லி உத்தரவிட, 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இடம் இருக்கிறது. துப்பாக்கியில் கோளாறு என்றால்? பொதுமக்கள் கையில் ஏராளமான துப்பாக்கிகள் உள்ள அமெரிக்காவின் அனுபவம் அவ்வளவு ஆறுதலாக இல்லை.

ரெமிங்டன் கம்பெனியின் மாடல் 700 ரக வேட்டைத் துப்பாக்கி 1962ல் சந்தைக்கு வந்தது. மான் வேட்டைக்காரர்களிடம் ஏக மவுசு. 50 லட்சத்துக்கும் மேல் விற்றது. குறி தவறாது என்ற பெயரோடு, விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்ற புகாரும் சேர்ந்து வளர்ந்தது. சேஃப்டியை விடுவிக்கும்போது வெடித்தது என்றார்கள் சிலர். போல்ட்டைத் திறக்கும்போது என்றார்கள் வேறு சிலர்.

வழக்குப் போட்டவர்கள் கைகாட்டியது விசைக்குள் இருந்த 'கனெக்டர்' என்ற சிறு உலோகத் துண்டை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விலகி, மறுபடி தன் இடத்துக்கு வர வேண்டும். இடையில் அழுக்கோ உறைந்த எண்ணெயோ சேர்ந்தால் சரியாக வந்து உட்காராது. பழைய துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல். சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். 1982ல்தான் இந்த அமைப்பு கைவிடப்பட்டது. 2000ல் மான்டனா மாநிலத்தில், வேட்டை முடிந்து தோட்டாவை எடுப்பதற்காக ஒரு தாய் சேஃப்டியை விடுவித்தார். பாய்ந்த குண்டு அவரது 9 வயது மகனைக் கொன்றது.

கம்பெனிக்குத் தெரியாமல் இல்லை. 700க்கு முந்தைய மாடலுக்காக இந்த விசையை வடிவமைத்த மைக் வாக்கரே 1940களில் ஆபத்தைச் சுட்டிக்காட்டி மாற்று யோசனை சொன்னார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாகும் என்ற அந்த யோசனை ஏற்கப்படவில்லை என்பதை 2010ல் சி.என்.பி.சி. டிவி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1979ல் போட்ட கணக்கு இன்னும் விசேஷம். புழக்கத்திலிருந்த 20 லட்சம் துப்பாக்கிகளில் 1 சதவீதத்தில் கோளாறு வரலாம். அந்த 20,000ஐக் கண்டுபிடிக்க 20 லட்சத்தையும் வரவழைக்க வேண்டும். ஆகவே வேண்டாம் என்று முடிவாயிற்று. கவனமின்றிக் கையாள்பவர்களே விபத்துக்குக் காரணம் என்பது கம்பெனியின் வாதம்.

பிறகு வந்த 'எக்ஸ்-மார்க் ப்ரோ' விசையும் ஏமாற்றியது. தயாரிப்பின்போது பூசிய பசை சற்று அதிகமாகிவிட்டது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை இந்த விசையுடன் தயாரான 700 மற்றும் செவன் மாடல்களை 2014 ஏப்ரலில் கம்பெனி திரும்ப அழைத்தது. உபயோகத்தை உடனே நிறுத்துங்கள், நீங்களே பிரிக்காதீர்கள், எங்கள் செலவில் அனுப்பிவையுங்கள் என்றது அறிவிப்பு.

பழைய விசைக்கு விமோசனம் கோர்ட் மூலம்தான் வந்தது. சமரசத்தில் அடங்கியவை சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள். 2017 தொடக்கம் வரை மாற்றித் தரும்படி கேட்டவர்களோ சுமார் 22,000 பேர். கெடு 2020 ஏப்ரல் 23ல் முடிந்தது. அதே ஆண்டு கம்பெனி இரண்டாவது முறையாகத் திவாலாகி, துண்டு துண்டாக விற்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் அரசு ஏன் தலையிடவில்லை? அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பொம்மைத் துப்பாக்கியைத் திரும்பப் பெறச் சொல்லலாம். நிஜத் துப்பாக்கி அதன் அதிகாரத்துக்கு வெளியே.

இந்தியாவில் நிலைமை எப்படி? பொழுதுபோக்கு வேட்டைக்கு 1972ம் வருட வனவிலங்குச் சட்டம் கடிவாளம் போட்டது. ஆனாலும் பயிர்க் காவலுக்கும் தற்காப்புக்கும் லைசென்ஸ் துப்பாக்கிகள் இருக்கின்றன. கேரளாவில் 2022 முதல் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு வந்தது. சுடுபவர்கள் லைசென்ஸ்தாரர்களே.

மட்டாஞ்சேரி பக்கம் சுள்ளிக்கல்லில் குடியிருக்கும் ஒருவருக்கு இடுக்கியில் தோட்டமும், அப்பா காலத்து வெளிநாட்டுத் துப்பாக்கியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். துப்பாக்கியை வாங்கியவர் இல்லை, விற்ற கடையும் இல்லை. கம்பெனியின் அறிவிப்பு அவரைத் தேடி வர வழியில்லை. வந்தாலும் பார்சல் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்ப முடியாது. எல்லை தாண்ட ஏற்றுமதி லைசென்ஸ் வேண்டும். பழுது பார்க்கக்கூட 1959ம் வருட ஆயுதச் சட்டப்படி அதற்கென லைசென்ஸ் பெற்றவரால்தான் முடியும்.

ஆனால் அமெரிக்காவில் இல்லாத இரண்டு வசதிகள் இங்கே இருக்கின்றன. ஒன்று, பதிவேடு. ஒவ்வொரு லைசென்ஸ்தாரருக்கும் தனி எண் கொடுத்துத் தேசிய அளவில் விவரம் சேர்க்கப்பட்டிருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் தவறாமல் வருகிறது. இரண்டு, 2019ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 20வது பிரிவு அதிகாரம் தருகிறது. துப்பாக்கிக்கு விலக்கு இல்லை. புகாரை மாவட்டக் கலெக்டரிடமும் கொடுக்கலாம். துப்பாக்கி லைசென்ஸ் விவகாரத்தைக் கவனிப்பதும் பெரும்பாலும் அதே கலெக்டர் அலுவலகம்தான். ஒரு மேஜையில் உள்ள பட்டியலும் இன்னொரு மேஜையில் உள்ள புகாரும் சந்திக்க வேண்டும், அவ்வளவே. ஓய்ந்துபோன கம்பெனி விற்ற துப்பாக்கிக்கும் கோளாறு பற்றிய எச்சரிக்கை போய்ச் சேர வேறு வழியில்லை.

அதுவரை பொறுப்பு வைத்திருப்பவரின் தலையில். பரம்பரையாக வந்த துப்பாக்கியின் மாடலையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள டீலரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. விசையைத் தொடாமல் ஒரே ஒரு தடவை வெடித்திருந்தாலும் மறுபடி தோட்டா போடக் கூடாது. திருகைக் கழற்றிப் பார்க்கவும் கூடாது. கோளாறை மறைத்து அடுத்தவர் தலையில் கட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். சேஃப்டி போட்டிருக்கிறதே என்ற தைரியத்தில் குழலை ஆள் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது.