படத்திற்கும் பெயர் வேண்டும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் குத்துவிளக்கு விற்கும் வணிகர் ஒருவர், "படம் போட்டால் போதும், ஐயா, எழுத்து எதற்கு?" என்று என்னிடம் வாதிட்டார். போதாது என்பதே என் மறுமொழி.

2017ஆம் ஆண்டில் வந்த கூகுள் லென்ஸ், கைப்பேசியைப் பொருளின்மீது காட்டியதும் அதனை ஒத்த படங்களைத் தேடித் தருகிறது, உண்மையே. ஆயினும், அப்பொருள் எவ்வூரில், யாருடைய கடையில் உள்ளது என்பதைப் பெரிதும் எழுத்தே உணர்த்துகிறது. கோப்பின் பெயர், படத்தின் கீழுள்ள விளக்கம், பார்வையற்றோருக்கெனச் சேர்க்கப்படும் மாற்றுரை, சுற்றியுள்ள சொற்கள் ஆகியவையே அதற்குச் சான்றுகள். நம்மவரோ கேமரா இட்ட எண்ணையே பெயராக விட்டு, மங்கிய படத்தை ஏற்றிவிட்டு, வாடிக்கையாளர் வரவில்லையே என வருந்துகின்றனர்.

எழுதும் சிலரும் ஆங்கிலத்தோடு நின்றுவிடுகின்றனர். ஆங்கிலமும் மலாயும் வேண்டாமென்று நான் கூறவில்லை. "பித்தளைக் குத்துவிளக்கு, கிள்ளான்" என்று தமிழிலும் ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? நாம் எழுதாத சொல்லைப் பொறி எங்ஙனம் கற்கும்?

குற்றம் வணிகரிடம் மட்டுமன்று. படவிளக்கத்தை மதிப்பெண்ணுக்குரிய பயிற்சியாக மட்டுமே கற்பித்த நம்மிடமும் உண்டு. ஆசிரியர்களே! அடுத்த கட்டுரை வகுப்பில், அருகிலுள்ள கடையின் படத்தை மாணவர்முன் வையுங்கள். பொருளும் ஊரும் விளங்க ஒரு வரி எழுதச் செய்யுங்கள். அவ்வரியை அவர்களே கடைக்காரரிடம் கொண்டு சேர்க்கட்டும்.